சில்லின் சாட்சி

சிக்கிமுக்கிக் கல்லைத் தட்டிக் கருவி செய்யும் பழங்கலையைப் புதிதாகப் பயில்வோர் மேலைநாடுகளில் பலர் உளர். கமுந்திங்கில் வாழும் மாணவன் ஒருவன் அதில் நாட்டங்கொள்வானாயின், கல்லைத் தேடுவதே அவனுக்கு முதற்பாடமாகும். இங்கிலாந்தின் சீமைச்சுண்ணாம்புப் பாறைகளில் மலிந்துள்ள அக்கல், லாருட் ஈயமண்ணில் கிடைப்பதன்று. ஆதலின் அவன் எண்ணம் பிந்தாங் மலைத்தொடரைக் கடந்து லெங்கோங் பள்ளத்தாக்கிற்குச் செல்வது இயல்பே.

அங்குள்ள கோத்தா தம்பானில் 1938இல் கோலிங்ஸ் அகழ்ந்தார். 1987இல் சுரைனா மஜிட் மேற்கொண்ட அகழ்வு, அது தொல்மாந்தரின் கற்பட்டறை என்பதைப் புலப்படுத்திற்று. அடைகல்லும், சுத்தியலாய் உதவிய கூழாங்கல்லும், முற்றுப்பெறாத கருவியும், தெறித்த சில்லுகளும் கிடந்த இடத்திலேயே கிடந்தன. அங்குப் படிந்திருந்த தோபா எரிமலைச் சாம்பல் ஏறத்தாழ 74,000 ஆண்டுக் காலத்தைச் சுட்டியது. 2012இல் அப்பள்ளத்தாக்கு உலக மரபுடைமையாயிற்று.

தொல்மாந்தர் சிக்கிமுக்கிக்கு ஏங்கவில்லை. குவார்ட்சைட் கூழாங்கற்களே அவர்க்குப் போதுமானவையாயின. நல்ல கல் தட்டினால் கணீரென ஒலிக்கும். உள்ளே வெடிப்புற்றது மந்தமாய் ஒலிக்கும். விளிம்பின் கோணம் செங்கோணத்தினும் குறுகியிருத்தல் வேண்டும். அடி விளிம்பை ஒட்டி விழவேண்டும். புதியவனோ நடுவில் ஓங்கி அடிப்பான். சில்லு பிரியாது. கண்ணுக்குக் காப்பும், தூளை மூச்சிலேற்காத திறந்தவெளியும் இன்றியமையாதன.

இனி, அறவினா ஒன்று எழுகின்றது. அம்மாணவன் அப்பள்ளத்தாக்கின் ஆற்றோரத்திலேயே அமர்ந்து, பயின்ற சில்லுகளை விட்டுச் சென்றால் அவன் செய்தது பிழையா? எவரையும் ஏமாற்றும் எண்ணம் அவனுக்கில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் 'பிளின்ட் ஜாக்' என்றழைக்கப்பட்ட எட்வர்டு சிம்சன் போலிக் கருவிகள் செய்து அறிஞர்க்கே விற்றான். அவன் பொய்யன், ஐயமில்லை. ஆயினும் அவன் பொய்யை அவனே ஒப்புக்கொள்ள முடிந்தது. 1862இல் இலண்டன் அறிஞர் அவையில் தன் கைத்திறனைச் செய்தே காட்டினான். மாணவனின் சில்லுக்கோ நாவில்லை. சில்லின் முகம் அதைத் தட்டியவன் ஆண்டைச் சொல்லாது. கிடக்கும் இடமே சொல்லும். அந்த இடத்தைக் கலைத்தவன், வாய்திறவாமலே பொய்ச்சாட்சி நிறுத்தியவனாகிறான். உள்ளத் தூய்மை அவனைக் குற்றத்தினின்று காக்கலாம். பின்னொருநாள் மண்ணைப் படிப்பவனைத் தவற்றினின்று காவாது.

'கற்போன் பிழை பொறுக்கத்தக்கது' என்பது வகுப்பறைக்குப் பொருந்தும். பலகையில் எழுதிய பிழை துடைத்தால் மறையும். உடைந்த கல் மீண்டும் ஒட்டாது.

ஆகவே, மரபுடைமை நிலத்தில் ஒரு கல்லையும் எடாமல், உரியவர் இசைவு பெற்ற வேறிடத்துக் கற்களைக் கொண்டு தன் வீட்டு முற்றத்தில் துணி விரித்துப் பயில்வதே அவனுக்குத் தக்கது. சில்லுகளைத் திரட்டிக் குழியிலிடுகையில் ஆண்டு பொறித்த பத்துக்காசு ஒன்றையும் உடனிடலாம். இம்மழைநாட்டு ஈரமண்ணில் நாணயம் எத்துணைக் காலம் நிற்குமோ என அஞ்சினால், உடைந்த சோடாப்புட்டியின் அடிப்பாகமும் உதவும்.