முடிச்சும் நிலைப்படியும்

காலணியின் இருபுறத் துளைகளில் நாடாவைக் குறுக்கும் மறுக்குமாகக் கோப்பதா, ஏணிப்படிகள் போல அடுக்குவதா, இரு நிற நாடாக்களைப் பின்னிச் சதுரங்கக் கட்டங்களாக்குவதா என்பது அணிபவரின் விருப்பம் என்றே பலரும் கருதுவர். அறத்தின் பார்வையில் எப்படிச் செய்தாலும் ஒன்றுதான் என்று தோன்றும் இத்தகைய செயல்களுக்குச் சமயத்தில் இடம் உண்டா என்னும் கேள்வியை யூத அறிஞர்கள் காலணி நாடாவை முன்னிறுத்தியே ஆராய்ந்துள்ளனர். அவர்கள் கண்ட விடையை உரசிப் பார்க்கக் கொச்சியின் மட்டாஞ்சேரி ஏற்ற இடம்.

மட்டாஞ்சேரியின் பரதேசி யூதர் தொழுகைக்கூடம் 1568இல் எழுந்தது. தமிழில் இன்று இரப்பவரைக் குறிக்கும் ‘பரதேசி’ என்னும் சொல், இங்கே பிற தேசத்திலிருந்து வந்தவர் என்னும் பழைய பொருளில் நிற்கிறது. ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட யூதர்களின் வழியினரும் அவர்களுள் இருந்தனர். அதே நாட்டில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே அதை இழந்த யோசேப் காரோ தொகுத்த ‘ஷுல்கான் அரூக்’ என்னும் சட்டநூல் 1565இல் வெனிஸில் அச்சேறியது. வலக்காலணியை முதலில் அணிந்து, கட்டாமல் விட்டு, இடக்காலணியை அணிந்து கட்டிய பின்னரே வலக்காலணியைக் கட்ட வேண்டும் என்று அந்நூல் விதிக்கிறது. மறைவசனங்கள் அடங்கிய தோல்பெட்டியை வாரால் கட்டிக்கொள்ளும் ‘தெஃபிலின்’ வழக்கம் இடக்கைக்கு உரியதாதலால், கட்டுதலில் இடப்பக்கம் முந்துகிறது. விதி வரிசையைக் கேட்கிறதேயன்றிக் கோலத்தைக் கேட்பதில்லை.

ஓய்வுநாளில் விலக்கப்பட்ட 39 வகை வேலைகளுள் முடிச்சிடுதலும் அவிழ்த்தலும் அடங்குவதால், எது முடிச்சு என்னும் வினா எழுந்தது. யூதச் சட்ட விவாதங்களின் பெருந்தொகுப்பான தல்மூத் இதற்கு மூன்று காலணி முடிச்சுகளைப் பிரித்துக் காட்டுகிறது: செருப்புத் தைப்பவர் நிலையாக இருக்கும்படி இடுவது குற்றம், அவிழ்க்காமலே காலை நுழைக்கும்படி அறிஞர்கள் தளர்வாக இட்டு விட்டுவைப்பது விலக்கப்பட்டதாயினும் தண்டனைக்கு உரியதன்று, மஹோசா நகரத்தார் இறுக்கிக் கட்டி அன்றாடம் அவிழ்ப்பதோ தடையற்றது. ஆக, முடிச்சின் அழகையோ சிக்கலையோ சட்டம் பொருட்படுத்தவில்லை. அது நிலைப்பதற்காக இடப்பட்டதா என்பதையே நோக்கியது.

இதே நாடா வேறோரிடத்தில் உயிரின் விலையைப் பெறுகிறது. சமய ஒடுக்குமுறையின் காலத்தில் காலணி வாரை மாற்றிக் கட்டச் சொன்னாலும் இணங்காமல் உயிரை விடுக என்கிறது தல்மூத்தின் ‘சன்ஹெத்ரின்’ பகுதி. 11ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு உரையாசிரியர் ராஷி, யூதர் ஒரு விதமாகவும் பிறர் வேறு விதமாகவும் கட்டுமிடத்தில், வெறும் வழக்கமேயான அந்த வேறுபாட்டையும் விட்டுக்கொடுக்கலாகாது என்று இதனை விளக்குகிறார். தன் விருப்பத்தால் நாடாவை மாற்றுபவருக்கு அது அணி. பிறர் கட்டாயத்தால் மாற்றுபவருக்கு அது பணிவின் அடையாளம். நாடா ஒன்றே எனினும், மாற்றச் சொல்பவரின் நோக்கத்தால் அதன் எடை வேறுபடுகிறது.

மட்டாஞ்சேரியில் இந்த எடையெல்லாம் வாயிலிலேயே இறக்கி வைக்கப்படுகிறது. கேரளக் கோவில்களில் போலவே இத்தொழுகைக்கூடத்திலும் காலணியைக் கழற்றிவிட்டே நுழைகின்றனர். எரியும் முட்செடியின் முன் மோசேக்குக் கிடைத்த கட்டளையும் அதுவே. உள்ளே 18ஆம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து வந்த, கையால் நீலச் சித்திரம் தீட்டிய வெண்ணிற ஓடுகள் வெறுங்காலில் குளிர்ச்சியாகப் படுகின்றன. ஆனால் அந்தத் தரையில் நெடுங்காலம் எல்லாரும் சமமாக இருந்ததில்லை. அடிமைநிலையிலிருந்து விடுவிக்கப்பட்டோரின் வழியினர் என்று ஒதுக்கப்பட்ட யூதர்களுக்கு இருக்கைகளில் அமரும் உரிமை மறுக்கப்பட்டிருந்தது; அவர்களுள் ஒருவரான வழக்கறிஞர் ஏ. பி. சாலேம் (1882–1967) காந்திய வழியில் போராடிய பின்னரே அந்த வழக்கம் தளர்ந்தது.

ஒதுக்கியவர்களும் மரபையே காரணம் காட்டினர் என்பதில்தான் கேள்வியின் கூர்மை இருக்கிறது. ஒடுக்குவோர் முன் சிறு வழக்கத்தையும் காக்கச் சொல்லும் அறம், அவ்வழக்கம் பிறரை ஒடுக்கும்போது அதைக் காக்கச் சொல்லாது. செருப்புத் தைப்பவரின் முடிச்சு என்று எண்ணப்பட்டது மஹோசா நகரத்தாரின் முடிச்சாகவும் இருக்கலாம். அதை அறிய ஒருவர் குனிந்து அவிழ்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.