நாளைக்கென்று எடுத்து வைக்கலாமா?



இங்கிலாந்து தேசத்து வேலியோரங்களில் பிளாக்பெரி என்னும் முட்செடி தானாகவே வளர்கிறது. நட்டவர் இல்லை, நீர் வார்த்தவரும் இல்லை. கோடை முடியும் தருவாயில் அதன் பழங்கள் கறுத்துப் பழுக்கின்றன. 1918-ம் ஆண்டு, முதல் உலக யுத்தத்தின் கடைசி மாதங்களில், அந்நாட்டு அரசாங்கம் பள்ளிப் பிள்ளைகளைப் பாட நேரத்திலேயே அனுப்பி, போர்வீரரின் ஜாமுக்காக இப்பழங்களைப் பறிக்கச் செய்தது. ராத்தலுக்கு 3 பென்ஸ் கூலி. இன்றும் அங்கே பிள்ளைகள் கூடையோடு போய்ப் பழம் பறித்து வந்து, ஜாம் காய்ச்சக் கற்றுக்கொள்வதுண்டு.

பறித்த பழம் ஓரிரு நாளில் கெட்டுவிடும். அதையே ஏறக்குறைய சம எடை சர்க்கரை சேர்த்துக் கொதிக்கவைத்து, சுத்தமான ஜாடியில் சூட்டோடு ஊற்றி இறுக மூடினால் ஒரு வருஷமும் இருக்கும். பழத்திலுள்ள நீரைச் சர்க்கரை பிடித்து வைத்துக்கொள்வதால், கெடுக்கும் கிருமிகள் அதில் பிழைப்பதில்லை. நம் வீட்டு ஊறுகாயில் உப்பும் இந்த வேலையைத்தான் செய்கிறது.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. நாளையைப் பற்றிக் கவலைப்படாதிருக்கும்படி நம் ஆண்டவர் போதித்தார். விதைக்காமலும் களஞ்சியத்தில் சேர்க்காமலும் வாழும் பறவைகளை நமக்கு உதாரணமாகக் காட்டினார். அப்படியானால் இலவசமாய்க் கிடைத்த பழத்தை அடுத்த வருஷத்துக்கென்று அடைத்து வைப்பது விசுவாசக் குறைவாகாதா?

யாத்திராகமம் 16-ம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். வனாந்தரத்தில் இஸ்ராயேலருக்குச் சர்வேசுரன் மன்னாவைப் பொழிந்தார். அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுக்கச் சொல்லியிருந்தும், சிலர் மறுநாளைக்கு மீதி வைத்தார்கள். அது புழுத்து நாறிற்று. ஓய்வுநாளுக்கு முந்திய தினத்தில், கட்டளைப்படியே இரண்டு மடங்கு எடுத்து வைத்தார்கள், அது கெடவில்லை. அப்புறம், பிற்காலத்துச் சந்ததியார் கண்டு நன்றியோடு நினைக்கும்படி, ஒரு பாத்திரம் நிறைய மன்னாவை எடுத்து வைக்கவும் கட்டளையாயிற்று. மன்னா ஒன்றுதான். அவநம்பிக்கையால் பதுக்கியது புழுத்தது. கீழ்ப்படிந்து சேமித்தது நிலைத்தது. ஆகையால் எடுத்து வைப்பதே குற்றமென்று சொல்ல முடியாது. எந்த மனதோடு, யாருக்காக வைக்கிறோம் என்பதே கேள்வி.

லூக்காஸ் சுவிசேஷத்தில் வரும் ஐசுவரியவானும் சேமித்தான். களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட யோசித்தவன், தன் ஆத்துமத்தோடு மட்டுமே பேசிக்கொண்டான். அயலானைப் பற்றி அவன் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அன்றிரவே அவன் உயிர் கேட்கப்பட்டது.

பிளாக்பெரிப் பழத்தைப் பற்றி அந்நாட்டில் ஒரு பழங்கதை உண்டு. அர்ச்சிஷ்ட மிக்கேல் சம்மனசானவர் பசாசைப் பரலோகத்திலிருந்து தள்ளியபோது, அது இந்த முட்செடியின்மேல் விழுந்து, கோபத்தால் துப்பிவிட்டதாம். ஆகவே மிக்கேல் சம்மனசின் திருநாளுக்குப் பிறகு யாரும் பழம் பறிக்கலாகாது என்பார்கள். கதை கட்டுக்கதைதான். ஆனால் குளிரும் ஈரமும் வந்தபின் பழம் ருசி கெட்டுப் பூஞ்சணம் பிடிப்பது மெய். நிறுத்த வேண்டிய நாளொன்று குறித்துவிட்டபடியால், செடியில் நின்றது பறவைகளுக்காயிற்று. வயலின் ஓரத்தை அறுக்காமலும், உதிர்ந்த திராட்சையைப் பொறுக்காமலும், எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிட வேண்டுமென்று லேவியராகமம் கட்டளையிடுவதும் இதுபோன்றதே.

ஆகையால் பெற்றோரே, பிள்ளைகளுக்குச் சேமிக்கக் கற்றுக்கொடுங்கள். மகளின் கலியாணத்துக்கும் மகனின் படிப்புக்கும் ஒதுக்கி வைப்பது உங்கள் கடமை. அதற்காக மனம் கலங்க வேண்டாம். ஆனால் அதோடு இரண்டு காரியங்களையும் கற்றுக்கொடுங்கள்: செடியில் கொஞ்சம் விட்டுவர வேண்டும், வீட்டில் வைத்த ஜாடியை அடுத்த வீட்டாருக்காகவும் திறக்க வேண்டும். நம் சேமிப்பு எத்தகையதென்று அறிய வேண்டுமானால், இல்லாதவர் ஒருவர் வாசலில் வந்து நிற்கும்போது, நம் கை மூடியைத் திறக்கப் போகிறதா, கதவைச் சாத்தப் போகிறதா என்று பார்த்தால் போதும்.