கோணல் எங்கே?

வீட்டில் ஒரு பொருள் கெட்டுப்போனால் நம் வாயில் முதலில் வருகிற கேள்வி, "யார் செய்தது?" என்பதுதான். "என்ன ஆயிற்று?" என்பது அதற்குப் பிறகே வருகிறது, பல வீடுகளில் வருவதே இல்லை. இந்த வரிசை நியாயந்தானா என்று ஒரு குயில் கடிகாரம் என்னை யோசிக்க வைத்தது.

ஜெர்மனிக்குப் போய்வந்த நண்பர் தந்த அன்பளிப்பு அது. அந்நாட்டின் தென்மேற்கில் கருங்காடு என்று ஒரு மலைப்பிரதேசம். பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து அங்கே இவற்றைச் செய்துவருகிறார்கள். 1850-ல் ஃபுர்ட்வாங்கன் என்ற ஊரில் கடிகாரத் தொழிலுக்கென்றே ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். மர வீடு போன்ற பெட்டி; கீழே இரண்டு சங்கிலிகளில் தொங்கும் குண்டுகள். ஒரு குண்டின் கனம் முட்களை நகர்த்துகிறது; மற்றது குயிலைக் கூவவைக்கிறது. குரல் குயிலின் தொண்டையில் இல்லை. உள்ளே இரண்டு சிறு துருத்திகள் இருக்கின்றன. ஒன்று மேல் ஸ்வரம், மற்றொன்று கீழ் ஸ்வரம்.

வீட்டுக்கு வெள்ளையடித்த பிறகு கடிகாரம் நின்றுபோயிற்று. ஊசலை ஆட்டிவிட்டால் ஐந்து நிமிஷம் ஓடும், மறுபடி நிற்கும். என் பத்து வயதுப் பையனுக்கு அந்தக் குயில்மேல் கொள்ளை ஆசை. நாற்காலியில் ஏறி அதன் கதவைத் திறந்து பார்த்ததை ஒருநாள் நானே கண்டிருக்கிறேன். வேறு சாட்சியம் எதற்கு?

"நான் தொடவே இல்லை, அப்பா" என்றான்.

"பொய் வேறா?" என்றேன். ஓர் அறையும் விழுந்துவிட்டது.

குற்றவாளியைத் தண்டித்தாயிற்று, கடிகாரம் மட்டும் ஓடவில்லை. நானே பின்பலகையைத் திறந்து, கண்ணில் பட்ட சக்கரங்களுக்கெல்லாம் தேங்காய் எண்ணெய் விட்டேன். அப்புறம் ஐந்து நிமிஷம் ஓடியதும் போயிற்று.

மறுநாள் கடிகாரம் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர் வந்தார். "எப்போதிலிருந்து சார் நிற்கிறது?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. ஊசலைக் கையால் ஆட்டி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். 'டிக்'குக்கும் 'டக்'குக்கும் நடுவே இருந்த இடைவெளி ஒரே அளவாக இல்லை. ஊசல் ஒவ்வொரு பக்கம் போகும்போதும், நங்கூரம் போன்ற ஒரு துண்டு சக்கரத்தின் பல்லை ஒவ்வொன்றாக விடுவிக்க வேண்டும். பெட்டி சாய்ந்தால் ஒரு பக்கம் பல் விடுபடாது, ஊசல் ஓய்ந்துவிடும். பெரியவர் பெட்டியின் அடிப்பக்கத்தை விரலால் சற்றே நகர்த்தினார். இடைவெளி சமமாயிற்று.

"கடிகாரத்தில் கோளாறில்லை சார். மாட்டியிருப்பதில்தான் கோணல்."

வெள்ளையடித்த பிறகு அதை மாட்டியவன் நான்.

பின்பலகையைத் திறந்தவர் விரலை முகர்ந்து பார்த்தார். "தேங்காய் எண்ணெய். தூசியைச் சேர்த்துப் பிசினாக்கிவிடும். எல்லாவற்றையும் பிரித்துப் பெட்ரோலில் கழுவ வேண்டும்" என்றார். அப்போதும், "யார் விட்டது?" என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை. பையன் அருகில்தான் நின்றான். என்னைப் பார்த்தான், வாயைத் திறக்கவில்லை.

"யார்?" என்று கேட்கவே கூடாதா? திருட்டும் கொலையும் நடக்கிற உலகத்தில் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்வதற்கு முன்னால் அதைக் கேட்டால், விடை தயாராகவே இருக்கிறது: அருகில் இருப்பவன், எதிர்த்துப் பேச முடியாதவன். வீட்டில் பிள்ளை, அலுவலகத்தில் பியூன், ஊரில் ஏழை. அதோடு, கேட்கிறவன் பரமார்த்த குருவின் சீடனைப் போலத் தன்னை விட்டுவிட்டுத்தான் தலைகளை எண்ணுகிறான்.

எண்ணெயைப் பெட்ரோலால் கழுவலாம். அறையை எதனால் கழுவுவது? பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் நம் தகப்பன்மார்களுக்கு இல்லை. எனக்கும் நா எழவில்லை. "இனிமேல் தினமும் நீதான் சங்கிலியை இழுத்துவிட வேண்டும்" என்று மட்டும் சொன்னேன். தலையாட்டினான். அதை மன்னிப்பாக எடுத்துக்கொண்டானோ, வேலையாக எடுத்துக்கொண்டானோ, நான் கேட்கவில்லை.

தினமும் காலையில் நாற்காலியில் ஏறி நின்று சங்கிலியை இழுக்கிறான். இறங்குவதற்கு முன் பெட்டி நேராக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறான்.