சைக்கிள் யாருடையது?

கோயம்புத்தூரில், துடியலூரிலிருந்து பன்னிமடைப் பக்கம் போகும் வழியில் எந்த வீதிக்குள் நுழைந்தாலும், நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் மாடிப்படிக்கு அடியிலோ மாட்டுக் கொட்டகையின் ஓரத்திலோ ஒரு சைக்கிள் சாய்ந்து நிற்கும். முன்னால் கூடை இருக்கும். கூடைக்குள் பழைய செருப்போ காய்ந்த தேங்காய் மட்டையோ கிடக்கும். இரண்டு டயரும் காற்றில்லாமல் தரையோடு அமுங்கியிருக்கும். பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த சைக்கிள் அது. ஓட்டிய பெண் பிளஸ் டூ முடித்துக் காலேஜ் பஸ்ஸில் போய்வந்துகொண்டிருப்பாள், இல்லை கல்யாணமாகி அன்னூரிலோ அவிநாசியிலோ இருப்பாள். சைக்கிளுக்கு என்ன ஆச்சு என்று கேட்டால் எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான்: "பஞ்சருங்க. அப்படியே நிறுத்தியாச்சு."

வருஷக்கணக்கில் ஓட வேண்டிய வண்டி ஒரு நெருஞ்சி முள்ளுக்கு நின்றுபோகிறது என்பது எனக்கு நெடுநாளாக உறுத்தலாக இருக்கிறது. வண்டி என்றால் பழுதாகத்தான் செய்யும். பழுதான அன்றைக்கு அதைத் தொட்டுப் பார்க்கலாம் என்று அந்த வீட்டில் யாருக்கும், முக்கியமாக அதை ஓட்டியவளுக்கே, தோன்றாமல் போனதுதான் என்னை உறுத்துகிறது. அப்படியானால் அந்தச் சைக்கிள் யாருடையதாக இருந்தது? கொடுத்தது அரசாங்கம், ஓட்டியது அவள். ஆனால் நாளைக்கு அது ஓடுமா ஓடாதா என்பது அப்பாவுக்கு எப்போது நேரம் கிடைக்கும், அண்ணனுக்கு எப்போது மனசு வரும், முக்குக்கடை திறந்திருக்குமா என்பதையெல்லாம் பொறுத்திருந்தது. ஓட்டத் தெரிந்தால் ஒரு வண்டி பாதிதான் நம் கைக்கு வந்திருக்கிறது. நின்றுபோனால் மறுபடி ஓட வைக்கத் தெரியும்போதுதான் மீதியும் வருகிறது. ஐம்பதை நெருங்கும் வயதில் ஸ்பேனர் பிடித்த பிறகு எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

இலவச சைக்கிள் திட்டத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, சில ஆண்டுகளில் அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் என்று அது விரிந்தது. பஸ் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று வரும் ஊர்களில் பெண்பிள்ளை பத்தாவதுக்கு மேல் படிப்பதா என்ற பேச்சு எழும்போதெல்லாம், வாசலில் நின்ற சைக்கிள் அவளுக்காகப் பேசியிருக்கிறது. அதற்கும் முன்னால், 1990களின் தொடக்கத்தில், புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். கல்குவாரியில் வேலை செய்த பெண்களும் வயலுக்குப் போன பெண்களும் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஏறினார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதைப் பற்றி எழுதியதில் ஒரு செய்தி எனக்கு மறப்பதே இல்லை. சில பெண்கள் ஆண்கள் ஓட்டும் பார் வைத்த சைக்கிளையே விரும்பி வாங்கினார்களாம், பாரில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்று! தனக்கென்று யோசித்துச் செய்யப்படாத ஒரு பொருளைக்கூடத் தன் தேவைக்கு வளைத்துக்கொண்டவர்கள் அவர்கள்.

ஓட்டுவது வரைக்கும் வந்துவிட்டோம். ஸ்பேனர் மட்டும் இன்னும் கை மாறவில்லை.

நம்ம ஊரில் இது கூடுதலாக மனசை வருத்துகிறது. துடியலூர், வெள்ளக்கிணறு, கவுண்டம்பாளையம் பக்கமெல்லாம் வீட்டுச் சுவரை ஒட்டியே லேத் பட்டறைகள் உண்டு. பம்ப்செட் கம்பெனிகளில் காயில் கட்டும் வேலையில் எத்தனையோ பெண்கள் இருக்கிறார்கள். மெல்லிய செப்புக் கம்பியைச் சுற்றுக் கணக்குப் பிசகாமல், மேல்பூச்சு உரியாமல் ஸ்லாட்டில் இறக்குகிற அதே கை, சாயங்காலம் வீடு திரும்பி வாசலில் நிற்கும் சைக்கிளின் வீல் நட்டைத் தொடுவதில்லை. கைக்குத் திறமை போதாமல் இல்லை. கம்பெனி சொல்லித்தந்தது, வீடு சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான். கண்டுபிடிப்பாளர் ஜி.டி. நாயுடு இளவயதில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டு மறுபடி பூட்டிய கதையைக் கோயம்புத்தூரில் வளர்ந்த பையன்கள் எல்லாரும் கேட்டிருப்பார்கள். அதே கதையை "நீயும் பிரித்துப் பார்" என்ற அர்த்தத்தில் எத்தனை பெண்பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம்?

எங்கள் வீட்டிலும் கூடை வைத்த ஒரு சைக்கிள் நின்றது. மகள் வேலைக்குப் பெங்களூர் போன பிறகு, காய்கறி வாங்கவும் நூலகம் போகவும் நாமே ஓட்டலாமே என்று அதை வெளியே எடுத்துத் துடைத்தேன். இரண்டு வீதி தள்ளிப் புளியமரத்தடியில் கடை போட்டிருக்கும் பெரியவரிடம் தள்ளிக்கொண்டு போனேன். ரிப்பேர் பண்ணித் தரச் சொல்லவில்லை, பண்ணுவது எப்படி என்று காட்டச் சொன்னேன். "அதுக்கென்னுங் அம்மிணி, உக்காருங்" என்று ஒரு மரப்பலகையை நகர்த்திப் போட்டார்.

முன் சக்கரத்தில் காற்றடித்துவிட்டு, விரலில் கொஞ்சம் தண்ணீர் தொட்டு வால்வின் வாயில் வைக்கச் சொன்னார். குமிழ் வந்தது. முள்ளும் இல்லை, பஞ்சரும் இல்லை. வால்வின் தண்டு மேல் ஒரு மெல்லிய ரப்பர் குழாயை உறை மாதிரி மாட்டியிருப்பார்கள். அதுதான் வால்டியூப். உள்ளே போகும் காற்றுக்கு வழிவிட்டு, வெளியே வரப் பார்க்கும் காற்றைப் பிடித்து நிறுத்துவது அந்தத் துண்டு ரப்பர்தான். வெயிலில் நின்றால் அது காய்ந்து வெடித்துவிடும். ராத்திரி அடித்த காற்று காலையில் இருக்காது, நாமும் பஞ்சர் என்றே முடிவு கட்டிவிடுவோம். பழையதை உருவி எறிந்துவிட்டு, விரற்கடை நீளம் புதுக் குழாயை வெட்டி, எச்சில் தொட்டு வழுக்கி மாட்டி, மூடியைத் திருகினேன். சக்கரம் காற்றைப் பிடித்துக்கொண்டது. மகள் ஓட்டிய சைக்கிளின் முன் சக்கரம் இத்தனை வருஷம் அமுங்கிக் கிடந்தது விரற்கடை ரப்பருக்கு என்று தெரிந்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

பின் சக்கரத்தில் நிஜமாகவே பஞ்சர். டயரை முழுக்கக் கழற்ற வேண்டியதில்லை. ஒரு பக்க விளிம்பை மட்டும் லிவர் போட்டு நெம்பி டியூபை வெளியே இழுத்தால் போதும். காற்றடித்துத் தண்ணீரில் அமுக்கி, குமிழ் வரும் இடத்தைக் கண்டு, துடைத்து, உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். மினுமினுப்பு போய் ரப்பர் சாம்பல் நிறமாகும் வரை தேய்க்க வேண்டும். பிறகு சொல்யூஷனை மெல்லிசாகத் தடவிவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். புதிதாகச் செய்கிறவர்களுக்குச் சிரமமே இந்தச் சும்மா இருப்பதுதான் என்பார் பெரியவர். "காஞ்ச பொறவு ஒட்டோணுங். ஈரத்துல ஒட்டுனா நிக்காது." பசை என்றால் ஈரத்தில்தான் பிடிக்கும் என்று நம் கை பழகியிருக்கிறது. ரப்பர் சொல்யூஷனில் இருக்கும் திரவம் ஆவியாகிப் போன பிறகுதான் ஒட்டுக்குப் பலம் வரும். ஒட்டியதும் டியூபை உள்ளே தள்ளிவிடக் கூடாது. டயரின் உட்புறம் முழுக்க விரலால் மெதுவாகத் தடவிப் பார்க்க வேண்டும். தைத்த முள்ளின் நுனி அங்கேயே இருந்தால், வீடு போய்ச் சேர்வதற்குள் அடுத்த பஞ்சர்.

ஆடி மாதம் வந்தது, செயின் தன் பாடத்தை நடத்தியது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்று எங்கள் பக்கத்துச் செம்மண்ணையெல்லாம் கிளப்பிவிடும். எண்ணெய் பளபளக்க விட்ட செயினில் அந்த மண் ஒட்டிக்கொண்டால், எண்ணெயும் மண்ணும் சேர்ந்து அரைக்கத் தொடங்கிவிடும். எண்ணெய் நிறைய விட்டால் நல்லது என்பது இந்தக் காற்றடிக்கும் ஊரில் செல்லாது. மண்ணெண்ணெயில் பிரஷ் போட்டுக் கழுவி, காயவைத்து, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு விட்டு, மேலே வழிந்ததைத் துணியால் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் கண்ணிகளைக் கோத்திருக்கும் ஊசியைச் சுற்றி உள்ளேதான் தேவை, வெளியே மினுக்குவதற்கு இல்லை. செயினின் ஆயுளைப் பள்ளிக்கூட ஸ்கேலாலேயே அளந்துவிடலாம் என்பது எனக்குப் பெரிய ஆச்சரியம். ஊசிக்கு ஊசி அரை அங்குலம். 24 கண்ணிக்குச் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். அரைக்கால் அங்குலம் கூடிவிட்டால் செயினை மாற்றும் நேரம் வந்துவிட்டது. இரும்பு நீண்டுவிடவில்லை, ஒவ்வொரு ஊசியும் தலைமுடி அளவு தேய்ந்ததன் மொத்தக் கணக்குதான் அது. 

இதையெல்லாம்விட எனக்குள் மாறியது காது. முன்பெல்லாம் சைக்கிளில் "என்னமோ சத்தம்" வரும். இப்போது அந்தச் சத்தத்துக்கு முகவரி உண்டு. எங்கள் சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18. பெடலை ஒரு சுற்று மிதித்தால் பின் சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்றுச் சுற்றும். ஆகவே ஒரு மிதிக்கு ஒருமுறை "டக்" என்றால் கோளாறு பெடலிலோ கிராங்கிலோ இருக்கிறது. ஒரு மிதிக்குள் இரண்டு மூன்று தடவை கேட்டால் சக்கரத்தில். இரண்டு மூன்று மிதிக்கு ஒருமுறை மட்டும் கேட்டால் செயினில் ஏதோ ஒரு கண்ணி இறுகிக் கிடக்கிறது. மிதிப்பதை நிறுத்திய பிறகும் கேட்டால் பெடலையும் கிராங்கையும் விட்டுவிடலாம். ஒரு கருவியும் இல்லாமல், ஓட்டிக்கொண்டே, யோசித்தே இடத்தைக் கண்டுபிடிக்கலாம். சத்தம் கேட்டதும் முன்பு வயிற்றில் ஒரு பயம் வரும். இப்போது எண்ணத் தொடங்கிவிடுகிறேன். நடுவயதுக்கு மேல் ஒரு மனுஷிக்குள் இப்படியொரு மாற்றம் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். மிக்சி நின்றாலும், குழாய் ஒழுகினாலும், முதலில் யாரைக் கூப்பிடலாம் என்று தோன்றுவதில்லை. எங்கே என்று பார்க்கத் தோன்றுகிறது.

அக்கம்பக்கத்தில் கேட்பார்கள்: கடைக்காரர் பத்து நிமிஷத்தில் செய்துவிடுவதற்கு எதற்கு இவ்வளவு பாடு, நீங்களே பண்ணிக்கொண்டால் அவர் பிழைப்பு என்னாவது? இரண்டாவது கேள்வி நியாயமானது, அதைத் தட்டிக்கழிக்க எனக்கு மனமில்லை. நான் இன்னமும் அவரிடம் போகிறேன். சக்கரம் கோணினால் போகிறேன். போக்ஸ் கம்பியை ஒரு பக்கம் இறுக்கி மறுபக்கம் தளர்த்தி, சக்கரத்தைச் சுழலவிட்டு, பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவே தெரியும் இடைவெளியை ஒரு கண்ணால் பார்த்தே அவர் நேராக்குகிற வேலைக்குப் பல வருஷக் கைப்பழக்கம் வேண்டும். ஃபிரீவீலைத் திறந்தாலும், காட்டர் பின்னை அடித்து இறக்க வேண்டியிருந்தாலும் அவரிடம்தான். நான் மாறியது கூலி கொடுக்கும் விதத்தில். முன்பு அவர் கேட்ட தொகையில் பத்து ரூபாய் குறைத்துக் கொடுத்துவிட்டு வருவது வழக்கம். ஆக்ஸிலின் கோனை நானே ஒருநாள் பூட்டிப் பார்த்தேன். முழுக்க இறுக்கி, பிறகு இம்மி அளவு தளர்த்த வேண்டும். இறுகினால் பால்ரஸ் குண்டு அரையும், தளர்ந்தால் சக்கரம் ஆடும். சரியாக அமைந்ததா என்று பார்க்க, சைக்கிளைத் தூக்கிச் சக்கரத்தை விட்டுவிட வேண்டும். வால்வின் கனத்துக்கே சக்கரம் தானாகத் திரும்பி, அங்குமிங்கும் ஆடி, வால்வு அடியில் வந்து நிற்க வேண்டும். அந்த இம்மியைத் தேடி அரை மணி நேரம் உட்கார்ந்த பிறகு, அவரிடம் பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை. வேலையைத் தெரிந்துகொண்டதால் அவருக்கு ஒரு வாடிக்கையாளர் குறையவில்லை. அவர் வேலையின் கனம் தெரிந்த ஒருத்தி கூடியிருக்கிறாள்.

எனக்கு ஓர் ஆசை இருக்கிறது, அதை இங்கே எழுதியே வைக்கிறேன். பள்ளியில் சைக்கிள் கொடுக்கும் நாளில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தகர டப்பாவும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். வீல் நட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனர் ஒன்று, டயர் லிவர் இரண்டு, உப்புத்தாள், சொல்யூஷன், பேட்ச், கையளவு வால்டியூப். அதோடு ஒரு மதியம் இரண்டு பாடவேளையை ஒதுக்கி, மைதானத்தில் தண்ணீர்த் தொட்டி வைத்து, ஒவ்வொருத்தியும் தன் சைக்கிளைத் தானே கவிழ்த்துப் போட்டுப் பஞ்சர் ஒட்டிப் பார்க்க வேண்டும். சொல்லித்தர ஆளுக்கா பஞ்சம்? ஐடிஐயும் பாலிடெக்னிக்கும் நிறைந்த ஊர் இது. அந்தந்தப் பகுதிச் சைக்கிள் கடைக்காரரையே ஆசிரியராக அழைத்து, அந்த நாளுக்கு உரிய சம்பளமும் கொடுத்தால் இன்னும் நல்லது.

புளியமரத்தடிப் பெரியவரிடம் இதைச் சொன்னபோது, கையிலிருந்த டியூபைத் தண்ணீரில் அமுக்கியபடியே கேட்டுக்கொண்டிருந்தார். "பொம்பளைப் புள்ளைகளுக்கு மட்டுமா சொல்லித் தருவீங்க அம்மிணி? பசங்களையும் சேத்திக்கோங்க. இப்பத்த பசங்க ஒருத்தனுக்கும் வால்டியூப்னா என்னன்னே தெரியறதில்லைங்" என்றார். அவர் சொல்வது சரிதான். பக்கத்துப் பள்ளித் தலைமை ஆசிரியைக்கு எழுதும் கடிதத்தில் மாணவிகள் என்று போட்டிருந்த இடத்தில் மாணவ மாணவியர் என்று மாற்றிவிட்டேன்.