காணிக்கை அங்கேயே இருக்கட்டும்

(ஆஸ்திரேலியா தினமான ஜனவரி 26-க்கு முந்தின ஞாயிறு, மெல்பர்ன் தமிழ்ச் சபையொன்றின் ஆராதனையில் வழங்கிய அருளுரை)



மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் இயேசு ஒரு மனிதனைப் பலிபீடத்துக்கு முன்னால் நிறுத்துகிறார். கையில் காணிக்கை. அந்த நேரம் பார்த்து அவனுக்கு ஒன்று நினைவுக்கு வருகிறது. அவன்மேல் அவன் சகோதரனுக்கு ஏதோ குறை இருக்கிறது. இந்த வசனத்தைப் பல வருஷம் நான் தலைகீழாகத்தான் வாசித்து வந்தேன். என்னை நோகடித்தவனை மன்னித்துவிட்டு வந்து காணிக்கை வைக்கச் சொல்கிறார் என்றே நினைத்திருந்தேன். நிதானமாகப் படித்துப் பாருங்கள். எழுந்து போக வேண்டியவன் குறைக்குக் காரணமானவன். நொந்தவன் தன் வீட்டில் இருக்கலாம். காணிக்கை காத்துக் கிடக்கட்டும், நீ முதலில் போ என்கிறார் ஆண்டவர்.

இந்த ஞாயிற்றுக்கு ஒரு கதை உண்டு. வருஷத்தில் எங்களுக்காக ஒரு ஞாயிறு ஒதுக்குங்கள் என்று இந்த நாட்டுச் சபைகளிடம் ஒரு முதியவர் கேட்டார். பெயர் வில்லியம் கூப்பர். 1860 வாக்கில் பிறந்தவர், மரே நதிக்கரையின் யோர்ட்டா யோர்ட்டா பூர்வகுடி மக்களில் ஒருவர். ஆட்டு ரோமம் கத்தரித்தும் குதிரை பழக்கியும் பிழைத்தவர். மலோகா என்ற மிஷனில் கிறிஸ்துவைத் தன் ஆண்டவராக ஏற்றுக்கொண்டார்.

அந்த மிஷனில் பள்ளிக்கூடம் நடத்தியவர் தாமஸ் சாத்ராக் ஜேம்ஸ். சாத்ராக் என்றால் அக்கினிச் சூளைக்குள் போன அதே சாத்ராக்தான். இந்தியப் பெற்றோருக்கு மொரீஷியஸில் பிறந்தவர். 1881-ல் இங்கே ஒரு மிஷனரியின் பிரசங்கம் கேட்டு மலோகாவுக்குப் போனார், கூப்பரின் சகோதரி ஏடாவை மணந்தார், அந்த மக்களோடேயே வாழ்ந்து முடித்தார். நம்மைப்போல் கடல் தாண்டி வந்தவர்களில் இப்படியும் ஒருவர் இருந்தார் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

வெள்ளைக்காரர் கொண்டுவந்த அந்த வேதப்புத்தகத்தில் மோசே பார்வோன் முன் போய் நின்ற கதையும் இருந்தது. கொண்டுவந்தவர்கள் எல்லோரும் அதைக் கவனித்தார்களோ என்னவோ, கேட்டவர்கள் கவனித்தார்கள். கூப்பர் தம் மகனை 1917-ல் முதல் உலகப் போருக்குப் பறிகொடுத்தவர். எழுபது வயதைத் தாண்டிய பிறகு, மன்னருக்கு ஒரு விண்ணப்பம் எழுதி, ஊர் ஊராகக் கையெழுத்துத் திரட்டினார். 1,814 கையெழுத்துகள். எங்கள் இனம் அழியாமல் காத்துத் தாருங்கள், பாராளுமன்றத்தில் எங்களுக்காகப் பேச ஒருவர் வேண்டும் என்பது கோரிக்கை. அமைச்சரவை அதை மன்னருக்கு அனுப்பாமலே வைத்துக்கொண்டது.

1938 ஜனவரி 26. சிட்னியில் வெள்ளையர் வந்திறங்கிய 150-ஆம் ஆண்டு ஊர்வலம். அதே நாளில் கூப்பரும் தோழர்களும் ஒரு மண்டபத்தில் கூடி அதைத் துக்க நாளாக அனுசரித்தார்கள். முன்வாசல் வழியே உள்ளே விடவில்லை, பின்வாசலால் போனார்கள். அதே ஆண்டு நவம்பரில் ஜெர்மனியில் யூதர்களின் ஜெபாலயங்கள் எரிந்தன. டிசம்பர் 6-ஆம் தேதி, கூப்பர் செயலாளராக இருந்த பூர்வகுடி லீகின் தூதுக்குழு கண்டனத்தோடு மெல்பர்னில் ஜெர்மன் துணைத் தூதரகத்துக்குப் போனது. அங்கே அவர்களை உள்ளே விட மறுத்தார்கள். யோசித்துப் பாருங்கள்: சொந்த நாட்டின் மக்கள்தொகைக் கணக்கில்கூடச் சேர்க்கப்படாதவர்கள், முகம் தெரியாத யூதர்களுக்காகப் போனார்கள்! இந்தத் தேசத்தில் நான் கேட்ட பிரசங்கங்களில் அதைவிடப் பெரியது ஒன்றும் இல்லை.

மறுபக்கத்தைச் சொல்லாமல் போனால் நான் பொய்யனாவேன். 1910-க்கும் 1970-க்கும் இடையில் பூர்வகுடிப் பிள்ளைகளில் பத்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர்வரை தாயின் கையிலிருந்து பிரிக்கப்பட்டார்கள் என்று 1997-ல் வெளிவந்த விசாரணை அறிக்கை கணக்கிட்டது. பிரித்தது அரசு. ஆனால் கொண்டுபோய் விட்ட இல்லங்களில் பலவற்றை நடத்தியவை சபைகள். ஜெபம் சொல்லிக்கொடுத்த அதே வாய், தாய்மொழி பேசாதே என்றது. அப்படியிருந்தும் அந்த மக்களில் அநேகர் இயேசுவை விடவில்லை. தூக்கிக்கொண்டு வந்தவர்களின் கைக்கறை இயேசுவின்மேல் ஒட்டவில்லை என்று எப்படித்தான் கண்டுகொண்டார்களோ! நானாயிருந்தால் விட்டிருப்பேன்.

"நாம் நேற்று வந்தவர்கள், நாம் என்ன எடுத்தோம்?" என்று உங்களில் சிலர் நினைப்பது தெரிகிறது. எனக்கும் அந்த எண்ணம் இருந்தது. நம்மில் பலர் குடியுரிமைச் சான்றிதழ் வாங்கியது ஒரு ஜனவரி 26-ஆம் தேதிதான். புகைப்படம் இன்னும் வரவேற்பறையில் தொங்குகிறது. வீட்டுப் பத்திரத்தில் நம் பெயர் இருக்கிறது. அந்த மண் முதலில் யாருடைய கையை விட்டுப் போனது என்று பத்திரத்தில் எழுதவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களுக்கு இதை நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

குறையுள்ள சகோதரனோடு சமாதானமாவதற்கு நம் வேதாகமம் ஒப்புரவு என்ற சொல்லை எடுத்தாண்டது. சண்டை தீர்ந்து கைகுலுக்குவது என்ற அளவில் அதைச் சுருக்கிவிட்டோம். வள்ளுவர் ஒப்புரவறிதல் என்று ஓர் அதிகாரமே வைத்தார். அங்கே அது கடமை. மழை பதிலுக்கு ஒன்றும் கேளாமல் பெய்வதுபோல் கொடுப்பது. நிலம், மொழி, பிள்ளைகள் என்று இத்தனை எடுத்தபிறகு, கொடுத்தல் இல்லாத ஒப்புரவு எங்கே நிற்கும்?

பாராளுமன்றத்தில் ஒரு குரல் வேண்டும் என்று கூப்பர் கேட்டது 1930-களில். அதுபோன்ற ஒன்றை, ஆலோசனை சொல்லும் ஓர் அவையை, 2023 அக்டோபரில் இந்த நாடு வாக்கெடுப்புக்கு விட்டது. நூற்றுக்கு அறுபது பேர் வேண்டாம் என்றார்கள். நமக்குள்ளும் இரண்டு கருத்து இருந்தது, அதைக் கிளற நான் வரவில்லை. ஆனால் அந்த விண்ணப்பம் இன்னும் பலிபீடத்தின் முன்னால்தான் கிடக்கிறது.

கூப்பர் கேட்ட ஞாயிறு 1940-ல் முதன்முதலாக அனுசரிக்கப்பட்டது. மறு வருஷம் அவர் கண்மூடினார். பிற்பாடு அந்த நாள் ஜூலைக்கு இடம் மாறியது. ஐக்கியத் திருச்சபை 2019 முதல் இதே ஞாயிற்றை மீண்டும் துக்க நாளாக ஆசரிக்கிறது.

இந்த நாளை எப்படி ஆசரிப்பது? வடக்கே டேலி நதிக்கரையில் மிரியம்-ரோஸ் உங்குன்மர்-பாவ்மன் என்ற பூர்வகுடி அம்மையார் இருக்கிறார். ஆசிரியை, ஓவியர், கத்தோலிக்க விசுவாசி. கிறிஸ்துவின் சிலுவைப் பாதையைத் தம் மக்களின் குறியீடுகளில் வரைந்தவர். அவர்கள் மொழியில் 'டடிரி' என்று ஒரு சொல் உண்டு. அவசரப்படாமல், உள்ளுக்குள் அமைதியாகி, ஆழமாகச் செவிகொடுத்துக் காத்திருப்பது. கிணற்றடியில் தண்ணீர் ஊறும்வரை உட்கார்ந்திருப்பதுபோல என்று நான் புரிந்துகொள்கிறேன்.

வழக்கமாக இந்த நேரத்தில் காணிக்கைப் பை வரும். பாட்டும் ஆரம்பித்துவிடும். இன்றைக்குப் பையை இந்தப் பீடத்தின் படியில் வைக்கச் சொல்லியிருக்கிறேன், யாரும் எடுக்க வேண்டாம். ஆர்மோனியக்காரத் தம்பியும் கையை எடுத்துவிடட்டும். ஐந்து நிமிஷம். பிள்ளைகள் சத்தம் போட்டால் போடட்டும்.

உட்கார்ந்திருப்போம்.