30 ஆம்பியர் மறக்கருணை

ஓடிக்கொண்டிருந்த டீசல் வண்டி நடுவீதியில் நின்றால் எங்கள் ஆட்கள் முதலில் பம்பைச் சந்தேகிப்பார்கள், பிறகு விதியை. ஸ்காபரோவில் என் கராஜுக்குத் தன் பிக்கப் ட்ரக்கை இழுப்பித்துக்கொண்டு வந்த அண்ணை இரண்டையும் முடித்துவிட்டிருந்தார். "என்ரை வினை, தம்பி."

வினை ஃபில்டர் கூட்டுக்குள் இருந்தது. கடுங்குளிரில் டீசலிலுள்ள மெழுகு திரண்டு ஃபில்டரை அடைக்கும். அதைத் தடுக்க அங்கே ஒரு சின்ன ஹீட்டர் உண்டு. அது சோர்ட் ஆகியிருந்தது. நடந்ததோ மே மாதம், ஹீட்டர் தேவைப்படாத காலம். ஆனால் அந்த மொடலில் ஹீட்டருக்கும் எஞ்சின் கம்ப்யூட்டருக்கும் ஒரே 30 ஆம்பியர் ஃபியூஸ். ஃபியூஸ் எரிந்தது, கம்ப்யூட்டர் இருண்டது, டீசல் உள்ளே போவது நின்றது. ஹீட்டரின் கனெக்டரைக் கழற்றிவிட்டுப் புது ஃபியூஸ் போட்டேன். ஸ்டார்ட் ஆகிவிட்டது.

வினை சடம், தன்னைச் செய்தவனைத் தானாகத் தேடிப் போகத் தெரியாது, கொண்டுபோய்ச் சேர்க்க இறைவன் வேண்டும் என்பது சைவ சித்தாந்தம். அவன் தண்டிப்பதும் அருள்தான், பெற்றவர் பிள்ளையை அடிப்பதுபோல என்று 13-ஆம் நூற்றாண்டில் அருள்நந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரில் வாதிடுகிறார். மறக்கருணை என்பார்கள். ஃபியூஸைப் பார்த்தால் அதை நம்பத் தோன்றும்: அது எரிந்திராவிட்டால் வயர் எரிந்திருக்கும்.

ஆனால் குற்றம் ஹீட்டருடையது, இருண்டது கம்ப்யூட்டர். இரண்டையும் ஒரே ஃபியூஸில் கட்டியவர் யாரோ ஒரு எஞ்சினியர். அவரை நான் தாராளமாகத் திட்டலாம். சேர்த்துவைப்பவன் சிவன் என்றால்? கம்ப்யூட்டருக்கும் பழைய கணக்கு இருக்கும் என்பார் சித்தாந்தி. செல்லடியில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயிடம் ஊர்ப் பெரியவர் ஒருவர் இதையே சொன்னார். அவள் அவரை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. நூலில் அந்த வாதத்துக்கு ஓட்டையில்லை. கோயிலுக்கு நான் இப்போதும் போகிறேன். அந்தப் பதிலை மட்டும் எவருக்கும் சொல்வதில்லை.

"ஹீட்டர் இல்லாமல் ஓடலாமோ?" என்று கேட்டார் அண்ணை.

"இப்ப ஓடலாம். பனிக்கு முதல் புதுசு போடவேணும். அதுக்குத் தனி வயர் இழுத்துத் தனி ஃபியூஸ் வைச்சுத் தாறன்."

"கொம்பனி கட்டினதை நாங்கள் மாத்தலாமோ, தம்பி?"

"மாத்தலாம் அண்ணை. வயருக்கும் ஃபியூஸுக்கும் மட்டும் காசு தாங்கோ."