கல்லில் யார் பெயர்?

ஜனவரி 26 அன்று பெங்களூர் லால்பாகில் கால் வைக்க இடம் இருக்காது. குடியரசு நாள் மலர்க் கண்காட்சிக்கு வந்த கூட்டம் கண்ணாடி மாளிகையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கெம்பேகவுடா கோபுரம் நிற்கும் பாறையில் ஏறி உட்காரும். பிள்ளைகள் சறுக்குவார்கள், பெரியவர்கள் கடலைப் பொட்டலத்தைப் பிரிப்பார்கள். அந்தப் பாறைக்கு வயது சுமார் 300 கோடி ஆண்டு. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அதைத் தேசிய நினைவுச் சின்னமாகவே அறிவித்திருக்கிறது. காலடி நிலம் கெட்டி என்ற தெம்பு பெங்களூர்க்காரர்களுக்கு இங்கிருந்துதான் வந்ததோ என்னவோ.

2001இல் இதே நாள் காலை 8.46 மணிக்குக் குஜராத்தின் கட்ச் மாவட்டம் குலுங்கியது. நிலநடுக்கத்தின் அளவு 7.7. அரசுக் கணக்கிலேயே 13,800 பேருக்கு மேல் இறந்தார்கள், சுமார் 1,66,000 பேர் காயம்பட்டார்கள். அஞ்சார் என்ற ஊரில் கொடி பிடித்து ஊர்வலம் போன 185 பள்ளிப் பிள்ளைகளும் 20 ஆசிரியர்களும் குறுகிய கடைத்தெருவில் மாட்டிக்கொண்டார்கள். இரண்டு பக்கக் கட்டடங்களும் அவர்கள் மேல் சரிந்தன. மூன்றாம் நாள் பெங்களூரிலேயே 4.3 அளவில் ஒரு சிறு அதிர்வு உணரப்பட்டது. ஜனங்கள் அலறிப் புடைத்துக்கொண்டு வீட்டை விட்டு ஓடி வந்தார்கள். சேதம் பெரிதாக இல்லாததால் அது வந்ததும் போனதும் இன்று பலருக்கு நினைவில் இல்லை.

கட்சில் இப்போது நினைவிடங்கள் எழும்பிவிட்டன. பூஜ் நகரத்துக் குன்றின் மேல் 470 ஏக்கரில் ஸ்மிருதிவனம். அஞ்சாரில் அந்தப் பிள்ளைகளுக்குத் தனி நினைவகம். இரண்டும் 2022 ஆகஸ்ட் 28 அன்று திறக்கப்பட்டன. துயரம் நடந்து 21 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஸ்மிருதிவனத்தில் இறந்தவர்களில் ஏறக்குறைய 13,000 பேரின் பெயர்கள் இருக்கின்றன. இப்படி ஒரு நினைவு நாள் வரும்போதெல்லாம் மேடையில் இன்னொரு வரிசையும் சேர்ந்துகொள்கிறது. உணவு கொடுத்தவர்கள், மருந்து அனுப்பியவர்கள், வீடு கட்டித் தந்தவர்கள், அவர்களுக்குச் சால்வை, கேடயம், கல்வெட்டு. இறந்தவர்களை நினைக்கும் நாளில் உதவியவர்களைப் போற்றுவது முறைதானா என்று கேட்டால், இதில் என்ன கேள்வி என்றுதான் முதலில் தோன்றும். நன்றி மறப்பதைப் பெரும்பாவமாகச் சொல்லும் மரபில் வந்தவர்கள் நாம். ஆனால் அந்த நன்றியை யார் சொல்கிறார்கள், யார் சொல்லவைக்கிறார்கள் என்று பார்க்கத் தொடங்கினால் விஷயம் அவ்வளவு நேராக இல்லை.

பூஜுக்கு அருகில் துதாய் என்று ஒரு கிராமம். நிலநடுக்கத்தில் இடிந்தது. டெல்லியின் முன்னாள் முதல்வர் சாகிப் சிங் வர்மாவின் ராஷ்ட்ரிய ஸ்வாபிமான் அமைப்பு அதைத் தத்தெடுத்துப் புதிதாகக் கட்டியது. புது ஊருக்கு வைத்த பெயர் இந்திரபிரஸ்தம்! கட்சின் வறண்ட மண்ணில் தலைமுறை தலைமுறையாக ஆடு மாடு மேய்த்தவர்கள் திடீரென்று டெல்லியின் புராணப் பெயரில் குடியேறினார்கள். இது ஒரு ஊரின் கதை மட்டும் இல்லை. மானுடவியலாளர் எட்வர்ட் சிம்ப்சன் கட்சில் பல காலம் தங்கி ஆய்வு செய்து, 2013இல் இந்த நிலநடுக்கத்தின் அரசியல் வரலாற்றைப் புத்தகமாக எழுதினார். வெளியிலிருந்து வந்த நல்லெண்ணம் தன் கொள்கையையும் தன் கடவுளையும் தன் பெயரையும் எப்படிக் கூடவே கொண்டுவந்து இறக்கியது என்பது அதில் விரிவாக இருக்கிறது.

கட்ச் தூரம் என்றால் நாகப்பட்டினத்துக்கு வரலாம். 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவுக்கு அருகே கடலடியில் 9.1 அளவில் பூமி அதிர்ந்து, அதில் எழுந்த சுனாமி அலை நம் கரைக்கு வந்தது. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். பிறகு எழுந்த சுனாமிக் குடியிருப்புகளின் வாசலில் நன்கொடையாளரின் பெயர் பொறித்த கல் நிற்பது சாதாரணக் காட்சி. அதே கடற்கரையில் ஒவ்வோர் ஆண்டும் அதே நாளில் ஜனங்கள் பாலும் பூவும் கடலில் விடுகிறார்கள், மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். அதற்கு அழைப்பிதழ் கிடையாது, முன்வரிசை நாற்காலி கிடையாது. கல் ஒரு விதமான நினைவு, பால் இன்னொரு விதம். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது என்பது கரையில் நிற்பவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

உதவி பெற்றவனுக்கு நன்றி கடமை, சரி. ஆனால் கொடுத்தவன் அதைக் கேட்டு வாங்கும் உரிமை பெற்றுவிடுகிறானா? வள்ளுவரிடம் செய்ந்நன்றியறிதலுக்கு ஓர் அதிகாரம் இருக்கிறது. ஒப்புரவறிதலுக்கும் தனியாக ஓர் அதிகாரம் இருக்கிறது. முதலாவது வாங்கியவனிடம் பேசுகிறது. இரண்டாவது கொடுப்பவனிடம், மழையைப் பார், அது கைம்மாறு கேட்டா பெய்கிறது என்கிறது. நினைவு நாள் மேடைகளில் நடக்கும் குளறுபடி, முதல் அதிகாரத்தைக் கொடுத்தவனே கையில் எடுத்துக்கொண்டு வாங்கியவன் முகத்துக்கு நேரே வாசிப்பதுதான். அரிசி மூட்டையை ஒரு பக்கம் கொடுப்பவரும் மறுபக்கம் வாங்குபவரும் பிடித்துக்கொண்டு, இருவரும் கேமராவைப் பார்க்கும் அந்தப் புகைப்படத்தை எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஐந்து நாள் முன்பு மகளைப் புதைத்த பெண்ணிடம், கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்கம்மா என்று சொல்ல ஒருவருக்கு வாய் வருகிறது. கொடுத்த அரிசியைவிட அந்தப் படத்தின் ஆயுள் அதிகம்.

உதவி எல்லாருக்கும் ஒரே அளவில் போய்ச் சேர்வதும் இல்லை. கட்சிலும் நாகையிலும் நிவாரணம் சாதி பார்த்துப் போனதை மனித உரிமை அமைப்புகள் அந்தந்த ஆண்டுகளிலேயே பதிவு செய்திருக்கின்றன. முகாமில் ஒதுக்கப்பட்ட தலித் குடும்பங்களும் இழப்புக் கணக்கிலேயே வராத கூலிக்காரர்களும் அந்தப் பதிவுகளில் இருக்கிறார்கள். கொடுத்தவர் பெயரைச் சொல்லும் கல்லில் விடுபட்டவர் பெயர் வருவதில்லை. அப்படிப்பட்ட கல்லுக்கு மாலை போடும்போது அந்தப் பாரபட்சத்துக்கும் சேர்த்தே மாலை விழுகிறது.

இதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு, அது பலமானது. பெயர் சொல்லாவிட்டால் அடுத்த தடவை யார் முன்வருவார்கள்? நல்லது செய்தவனை ஊர் அறியாவிட்டால் நல்லதுக்கு வாரிசு எப்படி வரும்? இதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் இங்கே ஒரு வேறுபாடு பார்க்க வேண்டும். ஆண்டுதோறும் ஜனவரி 23இல் மத்திய அரசு பேரிடர் மேலாண்மைக்காக நேதாஜி பெயரில் விருது அறிவிக்கிறது. 2024இல் அதைப் பெற்றது ராணுவத்தின் 60ஆவது பாராசூட் கள மருத்துவமனை. 2023 பிப்ரவரியில் துருக்கி நிலநடுக்கத்தின்போது அந்தக் குழு அங்கே போய் மருத்துவமனை நடத்தியது. அறுவை அரங்கையும் எக்ஸ்ரே கருவியையும் விமானத்தில் ஏற்றிக் கொண்டுபோய், இடிந்த ஊரில் சில மணி நேரத்தில் நோயாளியைப் பார்க்கத் தொடங்குவது ஒரு கைத்தொழில். அதைப் பாராட்டினால் இன்னொருவர் கற்றுக்கொள்ளலாம். திறமைக்குத் தரும் விருது இறந்தவர் வீட்டு வாசலில் நின்று வாங்கும் விருது இல்லை. தாராளத்துக்குத் தரும் பாராட்டுதான் துக்க வீட்டை மேடையாகக் கேட்கிறது.

பெங்களூர் கட்சுக்குக் கொடுத்தவற்றில் படம் எடுக்க முடியாத ஒன்றும் இருந்தது. ஓசூர் சாலையில் இருக்கும் நிம்ஹான்ஸ், 1984 போபால் விஷவாயுத் துயரத்திலிருந்தே பேரிடரில் தப்பியவர்களின் மனநலத்தைப் பற்றி வேலை செய்துவந்த நிறுவனம். போபாலில் அதற்கு அடித்தளம் போட்டவர்களில் மனநல மருத்துவர் ஆர். சீனிவாச மூர்த்தியும் ஒருவர். ஒடிஷாவின் 1999 சூப்பர் புயல், 2001 கட்ச், 2004 சுனாமி என்று அந்த அனுபவம் தொடர்ந்தது. கட்டடம் விழுந்த ஊருக்கெல்லாம் அனுப்ப இந்தியாவில் மனநல மருத்துவர்கள் போதாது என்பது அவர்களுக்குத் தெரியும். ஆகவே ஊரில் இருக்கும் ஆசிரியர், அங்கன்வாடிப் பணியாளர், தொண்டர் ஆகியோரைப் பயிற்றுவிக்கும் கையேடுகளைத் தயாரித்தார்கள். அவற்றின் சாரம் நம் பாட்டிமார் அறியாதது அல்ல. பேசவிடு. குறுக்கே பேசாதே. அழாதே என்று சொல்லாதே. தூக்கம் வராததும் திடுக்கிட்டு எழுவதும் பைத்தியம் இல்லை, நடந்ததுதான் இயல்பு மீறியது, உன் மனம் இயல்பாகத்தான் இருக்கிறது என்று புரியவை. கையை வேலையில் ஈடுபடுத்து. கோயிலோ மசூதியோ எது அவருக்கு ஆறுதலோ அங்கே போகவிடு.

உட்கார்ந்து கேட்டவருக்கு எந்த மைதானத்தில் கல் வைப்பது? அவரிடம் பேசிய பெண்ணே, இன்றைக்கு அவர் பெயர் மறந்து போய், யாரோ ஒரு டீச்சர் தினமும் வந்து உட்காருவாங்க என்றுதான் சொல்லக்கூடும். அந்த உதவி முழுமையாகச் செய்யப்பட்டது என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி வேண்டியதில்லை.

உதவியவர் ஒரு பக்கம், உதவி பெற்றவர் மறுபக்கம் என்று கோடு கிழிப்பதே பொய்க்கணக்கு என்றும் சொல்ல வேண்டும். எந்த நிலநடுக்கத்திலும் முதல் சில மணி நேரத்தில் இடிபாட்டைக் கையால் கிளறி ஆளை வெளியே இழுப்பது பக்கத்து வீட்டுக்காரர். மோப்ப நாயோடு மீட்புப் படை வந்து சேர்வதற்குள் பிழைக்கக்கூடியவர்களில் பெரும்பாலோர் ஒன்று வெளியே வந்திருப்பார்கள், இல்லை வந்திருக்க மாட்டார்கள். பூஜில் அரசு மருத்துவமனையே இடிந்து விழ, ஜூபிலி மைதானத்தில் திறந்த வெளியில் காயக்காரர்களைக் கிடத்தி வைத்தியம் பார்த்தார்கள். அந்த ஊர்க்காரர்களில் யாருக்கு வீடு நின்றிருந்தது? பெங்களூரிலும் அதேதான். மைசூர் சாலைப் பக்கம் மரக்கடையும் பிளைவுட் கடையும் வைத்திருக்கும் கட்ச் பட்டேல்கள் பலர். அவர்களுக்கு இது தூரத்து மாநிலத்து நன்கொடை இல்லை, சொந்த ஊர் இழவு. இவர்களை எந்த வரிசையில் உட்கார வைப்பது?

நினைவு நாள்களில் நிவாரணத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேசலாம். கட்டடம் ஏன் விழுந்தது என்பதைப் பற்றி ஐந்து நிமிடம் பேச ஆள் கிடைப்பதில்லை. உதவியவர்களைப் போற்றும் வழக்கத்தில் எனக்குப் பெரிய உறுத்தல் இதுதான். நிலநடுக்க மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும் அகமதாபாத்தில் 700க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே பல அடுக்குமாடிகள், கீழ்த்தளத்தைக் கார் நிறுத்தத் திறந்துவிட்டு மெலிந்த தூண்களின் மேல் நின்றவை. பூமி அசைந்தபோது மேல் மாடிகள் விறைப்பாக நிற்க, கீழே தூண்கள் மடங்கின. பொறியியல் சரியாக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் கட்சிலேயே சாட்சி உண்டு. பூஜில் இடிந்த அந்த மருத்துவமனையைத் திரும்பக் கட்டியபோது, அஸ்திவாரத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவே அதிர்வை வாங்கிக்கொள்ளும் ரப்பர்-ஈயத் தாங்கிகளை வைத்தார்கள். நிவாரணப் பணத்தில் அடுத்த நிலநடுக்கத்தை நினைத்துச் செலவழித்த காசு அது. நினைவுச் சின்னம் என்றால் எனக்கு அதைத்தான் சொல்லத் தோன்றுகிறது.

பெங்களூர் நிலநடுக்க வரைபடத்தில் இரண்டாம் மண்டலம், கடைசிப் படி. ஆகவே நமக்கென்ன என்று இருந்துவிடலாம். 1993 செப்டம்பர் 30 விடியற்காலை 3.56 வரை மகாராஷ்டிரத்தின் கில்லாரியும் அப்படித்தான் இருந்தது. அன்றைய வரைபடத்தில் அது மிகக் குறைந்த ஆபத்துள்ள முதல் மண்டலம். பிள்ளையாரைக் கரைத்துவிட்டு அசந்து தூங்கியவர்கள் மேல் மண் குழைத்துக் கட்டிய கனத்த கல் சுவர்கள் விழுந்தன. சுமார் 10,000 பேர் இறந்தார்கள், அதுவும் 6.2 அளவிலான அதிர்வுக்கு. 2002இல் முதல் மண்டலம் என்ற வகையையே எடுத்துவிட்டார்கள். பெங்களூர் நிலத்தை ஆராய்ந்த இந்திய அறிவியல் கழகத்தின் பொறியாளர்கள் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார்கள்: தூர்த்துப்போட்ட ஏரிகளின் மென்மண் அதிர்வைப் பெருக்கும். மெஜஸ்டிக் பேருந்து நிலையம் தர்மாம்புதி ஏரி. கண்டீரவா அரங்கம் சம்பங்கி ஏரி. லால்பாக் பாறையில் உட்காருபவர்கள் வீட்டுக்குத் திரும்பிப் போவது பாறைக்கு அல்ல, பல நேரம் பழைய ஏரிக்கு. அந்தத் தெருக்களிலும் கீழே கார், மேலே நாலு மாடி.

2024 அக்டோபர் 22 அன்று, மழைக்கு நடுவே, ஹென்னூர் அருகே பாபுசாபாளையாவில் கட்டிக்கொண்டிருந்த ஒரு கட்டடம் சரிந்தது. பூமி அசையவில்லை. அனுமதித்ததைவிட அதிக மாடிகள் எழுப்பியதாக அதிகாரிகளே சொன்னார்கள். இறந்தவர்கள் 9 பேர், பெரும்பாலும் வெளிமாநிலக் கூலித் தொழிலாளர்கள். தீயணைப்புத் துறையும் தேசியப் பேரிடர் மீட்புப் படையும் இடிபாட்டுக்குள் தேடி, சிலரை உயிரோடு எடுத்தன. அகமதாபாத் அடுக்குமாடிகளில் இறந்தவர்களுக்கும் இந்த 9 பேருக்கும் இடையே உள்ள தூரம் நாம் நினைப்பதைவிடக் குறைவு. நிலநடுக்கம் என்றால் குற்றம் சொல்ல இயற்கை இருக்கிறது, போற்ற நன்கொடையாளர்கள் இருக்கிறார்கள், நாள் குறிக்க நாட்காட்டி இருக்கிறது. பாபுசாபாளையாவில் இந்த மூன்றும் இல்லை. பொறுப்பு என்ற ஒன்றுதான் இருந்தது. பெங்களூரில் யாராவது ஜனவரி 26இல் கட்ச் நினைவுக் கூட்டம் கூட்டினால், கொடையாளர் பட்டியலை எடுத்து வைத்துவிட்டு இந்தக் கட்டடத்தின் வரைபட அனுமதியை யார் கொடுத்தது, யார் மீறியது, வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்பதற்கு அந்தக் கூட்டத்துக்கு முழு உரிமை உண்டு. சால்வை வாங்க வந்தவர்களில் கட்டட முதலாளிகள் யாராவது இருந்தால் கொஞ்சம் சங்கடமாக இருக்கும், இருக்கட்டும்.